சம்பந்தி வீட்டுக் கொள்ளுத்தாத்தாவும் ஒரு குவார்ட்டரும்

எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அது ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, மயிலாப்பூரில் ஒரு சின்ன மண்டபத்தில், சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னிலையிலும் முடிந்துபோனது. அதற்குப் பிறகு நான் யாருக்கும் எதையும் மொழிபெயர்த்ததில்லை. ஓட்டலில் மெனு கார்டைக் காட்டி "இது என்னடா?" என்று யாராவது கேட்டால்கூட சர்வரைக் கூப்பிட்டுவிடுவேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. தரமணியில் ஒரு கால் சென்டரில் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. முதல் மாதம் முழுக்க நாக்கை வாய்க்குள் எந்த இடத்தில் வைத்துக்கொண்டு பேச வேண்டும் என்று பயிற்சி கொடுத்து, முடிவில் ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். அம்மா அதை லேமினேட் செய்து ஹாலில் மாட்டிவிட்டாள். (இன்னமும் தொங்குகிறது. கழற்றலாம் என்றால் யாரும் விடமாட்டேன் என்கிறார்கள். காரணம் பின்னால் வருகிறது.)

வேலை என்னவோ வாஷிங் மெஷின் புகார் கேட்பதுதான். தண்ணீர் வடியவில்லை, மூடி திறக்கவில்லை. இந்த இரண்டையும் அமெரிக்காவின் எந்த மூலையிலிருந்து எவர் எந்த வேகத்தில் சொன்னாலும் எனக்குப் புரியும். அந்த இரண்டைத்தான் நான் இங்கிலீஷ் என்று நினைத்துக்கொண்டு, நாக்கை இடம் மாற்றி வைத்தபடி வீட்டுக்குள் உலாவிக்கொண்டிருந்தேன்.

இந்த நேரத்தில்தான் என் அக்கா வள்ளி அமெரிக்காவிலிருந்து ஒரு பெயரோடு வந்தாள். நெப்ராஸ்கா என்கிற மாநிலத்துக்கு மேல்படிப்புக்குப் போனவள், கூடப் படித்த டேனியலைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். டேனியலின் அப்பா வால்டர், அம்மா ரூத். இருவரும் விவசாயிகள். மரமே இல்லாத, கண்ணுக்கு எட்டின வரைக்கும் வெறும் புல்லாக இருந்த சமவெளியில், வால்டரின் தாத்தா காலத்தில் குடியேறிய குடும்பம். பக்கத்து வீடு என்றால் நான்கு மைலாம்.

அம்மா இரண்டு நாள் அழுது, மூன்றாம் நாள் மாப்பிள்ளைக்கு இட்லி பிடிக்குமா என்று கேட்டுவிட்டாள். ஆக, மிச்சம் இருந்தது பெரியப்பா.

அப்பா நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போதே போய்விட்டார். அன்றிலிருந்து எங்கள் மூன்று பேரையும் தன் மந்தைவெளி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர் அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா. கல்யாணம் செய்துகொள்ளாதவர். சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பத்திரத்தைக் கையில் கொடுத்தால் முதலில் முத்திரை, பிறகு சொத்து விவரம், பிறகு நான்கு எல்லை, அப்புறம்தான் ஆள் பெயரைப் பார்ப்பார். மனிதர்களையும் அப்படித்தான் படிப்பார்.

அவர் கோபப்படவில்லை. நெற்றி நிறையத் திருநீறோடு உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார்.

"சாதி கேக்க மாட்டேன். மதம் கேக்க மாட்டேன். ஆனா முப்பது வருஷ சர்வீஸ்ல தாய்ப் பத்திரம் இல்லாம நான் எதையும் பதிவு பண்ணினதில்ல. நிச்சயதார்த்தத்துல மூணு தலைமுறை சொல்றது வழக்கம்தானே? இன்னார் கொள்ளுப் பேரன், இன்னார் பேரன், இன்னார் மகன்னு அவங்க சபையில எழுந்து சொல்லட்டும். யாரு, எப்படி வாழ்ந்தாங்கன்னு கேட்டுட்டு நான் தட்டு மாத்தறேன்."

அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "பெரியப்பா தட்டு மாத்தலைன்னா எனக்கு இந்தக் கல்யாணம் வேணாண்டா. ஓடிப்போய் ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம். ஆனா அவரு வாழ்நாளெல்லாம் அடுத்தவங்க கல்யாணத்தப் பதிவு பண்ணவரு. என்னோடதுக்கு அவரு தலையைத் திருப்பிக்கிட்டு நின்னா என்னால தாங்க முடியாது."

"நான் இருக்கேன்க்கா. நான் டிரான்ஸ்லேட் பண்ணிடறேன்."

"தெரியாத வார்த்தை வந்தா தெரியலன்னு திருப்பிக் கேளு. நீயா எதையும் சேக்காத, எதையும் மறைக்காத."

"வாஷிங் மெஷினையே பிரிச்சு மேய்ஞ்சவன்க்கா நான்." (இந்த வாக்கியத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னைப் பிடித்து இரண்டு அறை விடலாம் போலிருக்கும்.)

மயிலாப்பூரில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு மொழிபெயர்ப்பாளர் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயம். எங்கள் சொந்தத்தில் இங்கிலீஷ் தெரியாதவர்கள் கிடையாது. பெரியப்பா பத்துப் பக்க இங்கிலீஷ் பத்திரத்தில் ஒரு காற்புள்ளி தப்பினாலும் பிடித்துவிடுவார். ஆனால் வால்டர் வாயைத் திறக்காமலே பேசுகிறவர். அவர் பேச்சு நம் காதுக்கு வந்து சேர்வதற்குள் பாதி எழுத்துகள் வழியிலேயே இறங்கிவிடும். முதல் நாள் ஏர்போர்ட்டில் அவர் பேசியதைப் பத்து நிமிடம் கேட்ட பெரியப்பா, "ரொம்ப மரியாதையான மனுஷன், ஆனா இங்கிலீஷ் தெரியாது போல" என்று அம்மாவிடம் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை. பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். வால்டர் பட்டு வேட்டி கட்டி, அது அவிழ்ந்துவிடும் என்ற பயத்தில் மேலே தன் தோல் பெல்ட்டையும் போட்டுக்கொண்டு ஆறடி உயரத்துக்கு நின்றார். ரூத், அம்மா கட்டிவிட்ட காஞ்சிபுரம் புடவையின் கொசுவத்தை இரண்டு கையாலும் பிடித்தபடியே எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். டேனியலுக்குத் தெரிந்த தமிழ் மூன்று வார்த்தை: வணக்கம், போதும், இன்னும் கொஞ்சம். நிச்சயப் பத்திரிகை வாசித்த பிறகுதான் பெண்ணைக் கூப்பிடுவது எங்கள் வழக்கம் என்பதால் அக்கா மாடி அறையில் இருந்தாள். ஆக, கீழே நான் சொல்வது சரியா தப்பா என்று சொல்ல ஒருவரும் இல்லை. நான் ஜிப்பாவின் கையை மடித்துவிட்டுக்கொண்டு மைக்கைப் பிடித்தேன். (சின்ன மண்டபம். மைக் தேவையே இல்லை. நான்தான் கேட்டு வாங்கினேன்.)

பெரியப்பா தாம்பூலத் தட்டைக் கையில் ஏந்தி ஜமக்காளத்தில் உட்கார்ந்தார். வால்டர் எழுந்தார். வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்திருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"மாப்பிள்ளையோட கொள்ளுத்தாத்தா, அதாவது இவரோட தாத்தா, பேரு ஆகஸ்ட்" என்று ஆரம்பித்தேன்.

"மாசம் கேக்கலடா, பேரு கேட்டேன்" என்றார் பெரியப்பா.

"பேருதான் பெரியப்பா."

அவர் கொஞ்சம் யோசித்தார். "சரி, நம்ம ஊர்ல கார்த்திக் இல்லையா?" என்று சபையைப் பார்த்துச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு நம்பிக்கை தலைக்கேறியது.

ஆகஸ்ட், மனைவி, கைக்குழந்தை, இரண்டு காளை, ஒரு கூண்டு வண்டி, அதோடு அந்தப் புல்வெளிக்கு வந்தார் என்பது வரைக்கும் அழகாகச் சொன்னேன். பிறகுதான் அந்த வாக்கியம் வந்தது. அங்கே வந்ததும் அவர் 'ஃபைல்ட் ஆன் எ குவார்ட்டர் செக்ஷன்' என்றார் வால்டர், பெருமையோடு.

எனக்கு மூன்று வார்த்தை தெள்ளத்தெளிவாகக் கேட்டது. ஃபைல். குவார்ட்டர். செக்ஷன். சென்னையில் வளர்ந்தவனுக்குக் குவார்ட்டர் என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான். அது பாட்டிலில் வரும். செக்ஷன் என்றால் போலீஸ் ஸ்டேஷனில் போடுவது. இரண்டையும் சேர்த்து ஃபைல் வேறு பண்ணியிருக்கிறார்கள் என்றால் என்ன நடந்திருக்கும் என்று சின்னக் குழந்தை சொல்லும்.

ஒரு நொடி தயங்கினேன். மறைத்துவிடலாமா? ஆனால் எதையும் மறைக்காதே என்று அக்கா சொல்லியிருக்கிறாள். குரலைத் தாழ்த்திக்கொண்டேன். (மைக்கில் குரலைத் தாழ்த்தினால் இன்னும் நன்றாகக் கேட்கும் என்பது அப்போது தோன்றவில்லை.)

"வந்து... கொள்ளுத்தாத்தா ஒரு குவார்ட்டர் விஷயத்துல மாட்டிக்கிட்டாராம் பெரியப்பா. செக்ஷன் போட்டு கேஸ் ஃபைல் பண்ணிட்டாங்களாம்."

வால்டர் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். ஐந்து வருடம் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது, நகர்ந்தால் எல்லாம் போச்சு, அதுதான் அரசாங்கத்தின் சட்டம் என்றார். இது எனக்கு ஒரு எழுத்து விடாமல் புரிந்தது.

"அஞ்சு வருஷம் உள்ள."

"ஒரு குவார்ட்டருக்கா?" என்றார் பெரியப்பா.

"அந்தக் காலத்துச் சட்டம் பெரியப்பா. ரொம்பக் கடுமை."

என் துரதிர்ஷ்டம் என்னவென்றால், அதற்குப் பிறகு அந்த நல்ல மனிதர் சொன்ன ஒவ்வொரு விஷயமும் ஜெயிலோடு கச்சிதமாகப் பொருந்தியது. நான் திருப்பிக் கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. மண்ணால் சுவர், ஒரே ஒரு சின்ன ஜன்னல். மழை பெய்தால் கூரையிலிருந்து சேறு ஒழுகும், சில சமயம் பாம்பு விழும். பின்வரிசையிலிருந்து ஒருவர், "ஜெயில்னா பின்ன எப்படி இருக்கும்" என்று உச்சுக்கொட்டினார். மனைவியும் அங்கேதான் இருந்தாள், அங்கேயே இன்னும் ஐந்து குழந்தைகள் பிறந்தன என்றார் வால்டர்.

"ஜெயில்லயா?" பெரியப்பா தட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"அமெரிக்கா பெரியப்பா. ஃபேமிலியோட இருக்க விடுவாங்க."

பிறகு வால்டர் தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டி, தாத்தா கை கொப்புளிக்கக் கொப்புளிக்க உடைத்தார், முதல் வருடம் பத்து ஏக்கர், அடுத்த வருடம் இருபது என்றார். எதை உடைத்தார் என்பதற்கு அவர் சொன்ன வார்த்தை எனக்குத் தெரியாது. வாஷிங் மெஷினில் அப்படி ஒரு பாகம் கிடையாது.

"கல்லு உடைச்சிருக்காரு. ஏக்கர் கணக்குல" என்றேன்.

பனிக்காலத்தில் கண் தெரியாத அளவுக்குப் பனி கொட்டுமாம். வாசலிலிருந்து தொழுவம் வரைக்கும் கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டுதான் போவார்களாம். "வெளிய விட்டாக்கூட கயிறு கட்டித்தான் விடுவாங்களாம்" என்றேன். முன்வரிசையில் ஒரு சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வால்டருக்கும் கண் கலங்கியது. தன் தாத்தாவின் கஷ்டம் கடல் தாண்டி இவர்களைத் தொடுகிறதே என்று அவருக்கு உருக்கம். மூன்று வருடம் தொடர்ந்து 'ட்ரை', ஒரு சொட்டுக்கூட இல்லை என்றார், தழுதழுத்து.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. நல்ல செய்தி ஒன்று கிடைத்துவிட்டது. "அதுக்கப்புறம் அவரு குடிக்கவேயில்ல பெரியப்பா! சுத்தமா நிறுத்திட்டாரு. ஒரு சொட்டு கிடையாது!"

"பரவாயில்லையே" என்று இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். நான் சொன்னதற்கெல்லாம் டேனியலும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார், அது வேறு. கடைசியில் ஐந்து வருடம் முடிந்து ஆகஸ்ட் எல்லாவற்றையும் 'ப்ரூவ்' செய்தார் என்று வால்டர் முடித்தார்.

"நிரபராதின்னு நிரூபிச்சு வெளிய வந்துட்டாரு" என்றேன், வெற்றியோடு.

பெரியப்பா என்னை உற்றுப் பார்த்தார். "நிரபராதியா? அப்ப குவார்ட்டர் அடிக்கவே இல்லையா?"

"அது... அடிச்சாரா இல்லையான்னு தெளிவா சொல்லல பெரியப்பா."

மணி பத்து பதினைந்து. பெரியப்பா தட்டைப் பிடித்திருந்தார். கீழே வைக்கவில்லை, நீட்டவும் இல்லை. கடைசியாக ஒன்று கேட்டார். "அந்த அம்மா பாவம். ஆறு குழந்தைங்களோட என்னத்த வெச்சு சமைச்சாங்க? கேளு."

கேட்டேன். ரூத் பதில் சொல்ல முந்திக்கொண்டார். அந்தச் சமவெளியில் ஒரு சுள்ளி கிடையாது, அதனால் 'பஃபலோ சிப்ஸ்'தான் என்றார். குழந்தைகள் தினமும் மடி நிறைய அதைப் பொறுக்கிக்கொண்டு வந்தால்தான் அன்றைக்குச் சாப்பாடு.

சிப்ஸ்! மயிலாப்பூரில் பிறந்தவனுக்குச் சிப்ஸ் என்றால் விளக்க வேண்டுமா? லஸ் முனையில் நேந்திரங்காயைச் சீவிச் சீவிக் கொதிக்கிற எண்ணெயில் விடுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

"எருமைய சிப்ஸ் போட்டுச் சாப்பிட்டிருக்காங்க பெரியப்பா."

"என்னது?"

"எருமை... வாழைக்காய் மாதிரி... சீவி..." என்று கையால் காட்டியும் தொலைத்தேன்.

"நல்ல காரியத்துல எருமைய எதுக்குடா இழுக்கறே பாவி, எமன் வாகனம்!" என்று அம்மா பதறினாள். "யெஸ், பஃபலோ!" என்றார் டேனியல் உற்சாகமாக, அவருக்குப் புரிந்த ஒரே இடம் அதுதான்.

பெரியப்பா தட்டைக் கீழே வைத்தார்.

எங்கள் வீடு சைவம். முட்டைகூட வாசல் படி ஏறியதில்லை. அவர்கள் வீட்டில் மாமிசம் உண்டு என்று பெரியப்பாவுக்குத் தெரியும், அதை அவர் ஏற்றுக்கொண்டுவிட்டார். ஆனால் எருமையைச் சீவிப் பொரித்து மடி நிறையக் கட்டிக்கொண்டு கொறிக்கிற பரம்பரை என்று யாரும் அவரைத் தயார் செய்திருக்கவில்லை. ஜமக்காளத்தில் தட்டு வைத்த சத்தம் சின்னதுதான். எனக்கு மண்டபமே இடிந்தது மாதிரி இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் மாடிப்படி திருப்பத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். சத்தம் கேட்டு எட்டிப் பார்க்க வந்தவள். அவள் பார்வை என் மீது இல்லை, கீழே இருந்த தட்டின் மீது. அந்த முகத்தை நான் மறக்கவே மாட்டேன். அவள் கல்யாணத்தை நான், என் வாயால், மைக் வைத்துக் கெடுத்துவிட்டேன் என்று அந்த நிமிடம் நிச்சயமாக நம்பினேன்.

வால்டருக்கோ எதுவும் தெரியாது. சபை அமைதியானதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார். பைக்குள்ளிருந்து ஒரு பெரிய பார்சலை எடுத்து, பெரியப்பா முன்னால் முழங்காலிட்டு, இரண்டு கையாலும் நீட்டினார். சம்பந்திக்குக் கொண்டுவந்த பரிசு. பிரித்தால், கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பழைய தாளின் நகல்.

பெரியப்பாவுக்கு அந்த நேரத்தில் எதையும் வாங்க மனமில்லை என்பது தெரிந்தது. ஆனால் அது தாள். அதில் ஒரு முத்திரை வேறு இருந்தது. கை தானாகச் சட்டைப்பைக்குப் போய்க் கண்ணாடியை எடுத்தது. முத்திரையைப் பார்த்தார். கீழே கையெழுத்தைப் பார்த்தார். பிறகு விரலை வைத்துச் சொத்து விவரத்துக்கு வந்தார். விரல் ஒரு இடத்தில் நின்றது.

"டேய் பாபு. இங்க வா."

போனேன்.

"இதைப் படி. சத்தமா."

படித்தேன். வடமேற்குக் குவார்ட்டர், செக்ஷன் பதினான்கு, அடங்கிய பரப்பு நூற்று அறுபது ஏக்கர் என்று இங்கிலீஷில் போட்டிருந்தது.

"குவார்ட்டர்னா என்ன?"

"கா... கால்வாசி பெரியப்பா."

"செக்ஷன்னா?"

ஏழு மாதத்தில் முதல் தடவையாக நாக்கை எங்கே வைப்பது என்று உண்மையிலேயே தெரியவில்லை.

"நிலத்த அளந்து நம்பர் போட்டிருக்கான்டா! நம்ம சர்வே நம்பர் மாதிரி! அதுல கால்வாசி நூத்தி அறுபது ஏக்கர்! மனு ஃபைல் பண்ணிருக்காரு, கேஸ் இல்ல! மடையா, இது ஜெயிலுமில்ல ஒண்ணுமில்ல. இது பட்டாடா! சர்க்கார் குடுத்த பட்டா!"

வழக்கமாவது ஒன்றாவது என்று அக்கா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படி இறங்கி ஓடிவந்தாள். பெரியப்பா என்னிடமிருந்து மைக்கை வாங்கி ஓரமாக வைத்தார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார், அவள் வால்டரிடம் கேட்டுக் கேட்டுச் சொன்னாள்.

அந்த ஐந்து வருடம், தரிசு நிலத்தில் வீடு கட்டிக் குடியிருந்து பயிர் செய்தால்தான் நிலம் சொந்தம் என்ற விதி. "அனுபவ பாத்தியதை" என்றார் பெரியப்பா. உடைத்தது கல் இல்லை, யாரும் உழுதிராத புல் தரை. "தரிசு உடைச்சிருக்காரு." மரம் இல்லாததால் அந்தப் புல் தரையையே வேரோடு பாளம் பாளமாக வெட்டி அடுக்கி வீடு கட்டியிருக்கிறார்கள். பனியில் தொழுவத்துக்குப் போனவர் திரும்ப வீடு தெரியாமல் பத்தடியில் செத்துவிடக் கூடாது என்பதற்குத்தான் கயிறு. மூன்று வருடம் ஒரு சொட்டு இல்லை என்றது மழை. மழை பெய்த வருடம் வெட்டுக்கிளி வந்து, பயிரைத் தின்று, காயப்போட்ட துணியையும் தின்றிருக்கிறது. அக்கம்பக்கத்தில் பாதிப் பேர் வண்டி கட்டிக்கொண்டு ஊரைப் பார்க்கப் போய்விட்டார்கள். ஆகஸ்ட் போகவில்லை. ஐந்தாம் வருடம் இரண்டு சாட்சிகளோடு போய், நான் இங்கேதான் இருந்தேன், பயிர் வைத்தேன் என்று நிரூபித்து வாங்கியதுதான் இந்தத் தாள்.

பெரியப்பா அந்தக் கண்ணாடிச் சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். மணி பத்து இருபத்திமூன்று. "எல்லாம் சரி" என்றார் கடைசியில், தயக்கத்தோடு. "அந்த எருமை?"

அந்த நேரம் பார்த்து, இலை போடலாமா என்று கேட்பதற்காகச் சமையல் மாஸ்டர் தோளில் துண்டோடு உள்ளே வந்தார். ராயப்பேட்டைக்காரர். "இன்னா சார், அல்லாரும் ஷாக் அட்ச்சா மாரி குந்திகினு கீறீங்க?" என்றவர், ரூத்தைப் பார்த்து நின்றார். பேச்சு எங்கேயோ தடம் மாறிவிட்டது என்று ரூத்துக்கு மட்டும் சந்தேகம் வந்திருந்தது. கொசுவத்திலிருந்து முதல் தடவையாக ஒரு கையை எடுத்து, கைப்பையிலிருந்து ஒரு பழைய போட்டோவை எடுத்து நீட்டியிருந்தார். வெட்டவெளியில் முக்காடு போட்ட ஒரு பெண்மணி தள்ளுவண்டியோடு நிற்கிறாள். வண்டி நிறைய வட்டம் வட்டமாக என்னவோ.

மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "அட, வறட்டி!"

"என்னது?" என்றார் பெரியப்பா.

"வறட்டி சார், மாட்டுச் சாணி. காஞ்சுகினு கீது பாரு. இந்தம்மா வண்டி ரொம்ப அள்ளிகினு போவுது. எங்க அத்தை இத்தத் தட்டித்தான் நாலு புள்ளைங்கள வளத்துச்சு. அடுப்புல வெச்சா நின்னு எரியும் சார். இத்தப் போயி இன்னாத்துக்கு போட்டோ புட்ச்சி வெச்சிகினு கீறாங்க?"

அக்கா ரூத்திடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். ரூத் பெரிதாகத் தலையாட்டினார். காட்டெருமை போட்டுவிட்டுப் போய், வெயிலில் காய்ந்த சாணம். சாப்பிட அல்ல, அடுப்பெரிக்க. அதற்கு அந்த ஊரில் பெயர் சிப்ஸ்.

பெரியப்பா போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகத் தன் நெற்றியைத் தொட்டு, விரலில் ஒட்டிய திருநீற்றை வால்டருக்குக் காட்டினார். "சொல்லும்மா அவர்கிட்ட. நாங்க நெத்தியில வெச்சிக்கறதும் இதே வறட்டிய எரிச்ச சாம்பல்தான்னு சொல்லு."

"அது பசு, இது எருமை" என்று பின்வரிசையில் யாரோ ஆரம்பித்தார்கள்.

"சும்மா இருய்யா. ராகு காலம் வந்துடப் போவுது" என்று பெரியப்பா தட்டைத் தூக்கினார்.

பத்து இருபத்தெட்டுக்குத் தட்டு மாறியது. அக்கா அழுதாள், ரூத் அழுதார், கொசுவம் அவிழ்ந்தது, அம்மா ஓடிப்போய்ப் பிடித்தாள். நான் அப்படியே ஜமக்காளத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு பெரிய நிம்மதியை நான் அதற்கு முன்பும் பின்பும் அனுபவித்ததில்லை. வால்டர் என்னைக் கைகொடுத்துத் தூக்கி, பிரமாதமாக மொழிபெயர்த்தாய் என்று முதுகில் தட்டினார். பெரியப்பா பக்கத்தில் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "ஒரு ஏக்கருக்குப் பதினெட்டு கிரவுண்டு... நூத்தி அறுபதுக்கு... ரெண்டாயிரத்து எண்ணூத்து எண்பது கிரவுண்டு. ஏண்டா, நாம இருக்கறது அரை கிரவுண்டு!"

பந்தியில் அக்கா எல்லாவற்றையும் வால்டரிடம் சொன்னாள். அவர் பாயசக் கிண்ணத்தை வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் பெல்ட் பட்டென்று விட்டுவிட்டது. தாத்தாவை ஒரு குவார்ட்டருக்கு உள்ளே தள்ளிய கதையை அவர் தன் ஊரில் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். எனக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பினால் கீழே 'கைதியின் பேரன்' என்று கையெழுத்துப் போடுகிறார்.

அந்தப் பட்டா எங்கள் ஹாலில் என் சான்றிதழுக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது. இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் கதை சொல்ல வசதி என்பது அம்மாவின் கட்சி. மின்சார ரீடிங் எடுக்க வருகிறவர்கூட முழுக்கதையும் கேட்காமல் வெளியே போக முடியாது. அக்காவுக்கு இரண்டு குழந்தைகள். கோடை விடுமுறைக்கு வந்து இறங்கியதும் ஏர்போர்ட்டில் ஊரே திரும்பிப் பார்க்க "செக்ஷன் மாமா!" என்று கத்திக்கொண்டு ஓடிவரும். என் பெயர் பாபு என்பது அவர்களுக்குத் தெரியுமா என்றே எனக்குச் சந்தேகம்.

போன பொங்கலன்று பெரியப்பாவும் நானும் ஹாலில் காபி குடித்துக்கொண்டிருந்தோம். இத்தனை வருடமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு அந்தப் பட்டா மட்டும் வரலைன்னா நீங்க தட்டு மாத்தியிருக்க மாட்டீங்க, இல்ல பெரியப்பா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "யாரு சொன்னா? மாத்தியிருப்பேண்டா. தப்பு பண்ணிட்டு அஞ்சு வருஷம் உள்ள இருந்து, கல்லு உடைச்சு, குடிய விட்டு, அவ்வளவுலயும் பொண்டாட்டி புள்ளைங்கள விடாம வெளிய வந்திருக்கான். இதைவிட நல்ல தாய்ப் பத்திரம் எவன்டா கொண்டுவருவான்? அதுவுமில்லாம வள்ளி மாடிப்படியில நின்னா பாரு. அந்த மூஞ்சிய பாத்துட்டு மாத்தாம இருக்க முடியுமா?"

அவர் டம்ளரை மறுபடி எடுத்து, மிச்சக் காபியையும் குடித்து முடித்தார்.

"அந்த எருமை சிப்ஸ்தான் ரெண்டு நிமிஷம் யோசிக்க வெச்சிடுச்சு."